கலங்காத தண்ணீர்

முதியோர் இல்லத்துச் சாமான் அறையில் ஒரு வெள்ளித் தாம்பாளமும் ஒரு பிளாஸ்டிக் பேசினும் இருந்தன. தாம்பாளம் பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் சடங்குக்கு மட்டும் வெளியே போகும். பேசினுக்கு ஒரு நாளும் ஓய்வில்லை.

பெரிய வியாழனன்று பேசின் தாம்பாளத்திடம் அலுத்துக்கொண்டது. "முடியலைக்கா. விடிஞ்சா ராயப்பன் தாத்தாவோட கால்ல சர்க்கரைப் புண்ணு கழுவுறதுதான். சீழு, நாத்தம். என் அடியில விரிசல் வேற விட்டுடுச்சு. உனக்கென்ன, பாட்டு, சாம்பிராணி!"

அன்று சாயங்காலம் பூசை முடிந்து தாம்பாளம் திரும்பி வந்தது.

"எப்படி இருந்துச்சுக்கா?"

"சீடர்களா உக்காந்த பன்னிரண்டு பேரும் வீட்டுலயே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துட்டாங்க. ஒருத்தரு பவுடர்கூடப் போட்டிருந்தாரு. ஊத்துன தண்ணி அப்படியே கிடந்துச்சு. வருஷா வருஷம் இதே கதைதான்."

பிறகு தாம்பாளம் தயங்கிக் கேட்டது. "அன்னைக்கு ஆண்டவர் தன் சீடர்களோட காலைக் கழுவுனப்ப அந்தத் தண்ணி எப்படி இருந்திருக்கும்?"

"கலங்கலாத்தான். தெருவெல்லாம் நடந்த கால் இல்லையா?" என்றது பேசின்.

மறுநாள் காலை சிஸ்டர் பெனிட்டா வந்து பேசினில் தண்ணீர் பிடித்தார். மொத்தமும் ஒழுகியது. சற்று யோசித்தவர், பேசினை மூலையில் கவிழ்த்துவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கேட்ட ஓய்வு கிடைத்துவிட்டது. பேசினுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

தாம்பாளம் மருந்து வாசனையோடு திரும்பியதும், அது வாய் திறப்பதற்குள் பேசின் கேட்டது.

"தண்ணி ரொம்பச் சூடா இல்லையேக்கா? தாத்தாவுக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது. நாமதான் பாத்துக்கணும்."