கோணல் முடிச்சு

"கொஞ்சம் இறுக்கிக் கட்டு," என்றார் டோகுஜி.

வாசல் படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கீழே மண்டியிட்டு அவருடைய ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள் ஃபுமியே. வசந்தத்தில் பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவளுடைய வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லேஸ் நழுவியது. மறுபடி எடுத்தாள். மறுபடி நழுவியது.

புத்தாண்டு விடுமுறைக்கு ஒசாகாவிலிருந்து வந்திருந்த மகள் சிஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே கட்டிக்கக் கூடாதாப்பா?"

"குனிஞ்சா முதுகு பிடிச்சுக்குது."

"பிப்ரவரியில மாரத்தான் ஓடப்போற முதுகு, லேஸ் கட்டக் குனியாதா?"

டோகுஜி கூரையைப் பார்த்தார்.

"நீ சும்மா இரு சிஹோ," என்றாள் ஃபுமியே. "பேச்சுக் கொடுத்தா விரல் பின்னிக்குது."

ஒருவழியாக முடிச்சு விழுந்தது. கணவரின் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள். "போயிட்டு வாங்க."

"போயிட்டு வரேன்."

அந்த இரண்டு தட்டல்களைக் கேட்டதும் சிஹோவுக்குத் தன் கோபத்தின் நடுவிலும் நெஞ்சு இளகியது. சின்ன வயதில் அவள் கண் விழித்ததே அந்தச் சத்தத்தில்தான். அப்போது அப்பா நூற்றிருபது கிலோ. வயிறு மறைத்ததில் தன் கால் விரலைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்த மனுஷர். துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அம்மாதான் கட்டிவிடுவாள். அப்பாவின் தூண் மாதிரிக் காலுக்குப் பக்கத்தில் சிஹோவும் தன் குட்டிக் காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். "அடுத்த வாடிக்கையாளர் யாரு?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அவளுக்கும் கட்டுவாள். அடுப்பில் மிசோ சூப் கொதிக்கும். எவ்வளவு நல்ல காலம் அது!

ஆனால் அன்றைக்கு அது தேவை. டாக்டர் மிரட்டிய மிரட்டலில் ஐம்பது கிலோ குறைத்துவிட்ட மனுஷருக்கு இன்றைக்கு எதற்கு இந்த ராஜ உபசாரம்?

முந்தைய நாள்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள், "என்னோட ஒசாகாவுக்கு வந்துடும்மா. அங்க நல்லா ஓய்வெடுக்கலாம்" என்று. "உங்கப்பாவுக்கு யாரு லேஸ் கட்டுவா?" என்று கேட்டாள் அந்த மகராசி.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். சிஹோ கோட்டை மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

தெருமுனை வரை குதித்துக் குதித்து ஓடினார். ஆரஞ்சுத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் திரும்பியதும் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, அம்மா கட்டிய முடிச்சு இரண்டையும் அவிழ்த்து, கண்மூடித் திறப்பதற்குள் அழகாகக் கட்டிக்கொண்டார்.

"முதுகு சரியாயிடுச்சா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் போல டோகுஜி நிமிர்ந்தார்.

"வெக்கமா இல்லையாப்பா? கை விளங்காதவளை மண்டி போட வெச்சு வேடிக்கை பாக்கறீங்க. விடுமுறை முடிஞ்சதும் அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்மா," என்றார். "அவளைக் கூட்டிட்டுப் போயிடாதே."

சுவரோரம் உட்கார்ந்தார்.

"விரலுக்குப் பயிற்சி பண்ணச் சொல்லி ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து கொடுத்தாங்க. 'நான் என்ன குழந்தையா'ன்னு அதைத் தூக்கி எறிஞ்சா. கையை மடிக்குள்ள ஒளிச்சுக்கிட்டு நாள் பூரா ஜன்னலையே பாத்துட்டிருந்தா. ஒருநாள் சும்மா ஷூவை மாட்டிட்டு அவ முன்னாடி காலை நீட்டினேன். பழக்கதோஷம் பாரு, அந்தக் கை தானா வெளிய வந்துச்சு."

சிஹோ குனிந்து அவருடைய ஷூ முடிச்சைப் பார்த்தாள்.

"ரிடையர் ஆனவன் தினம் ஷூ மாட்டிக்கிட்டு எங்கே போறது? அதான் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன். எனக்கு ஓடறதுன்னாலே ஆகாது. மூச்சு வாங்குது, முட்டி வலிக்குது. ஆனா தினம் ரெண்டு ஷூ அவ கட்டியாகணும்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதே. அவ ரோஷக்காரி."

சிஹோ தலையாட்டினாள். அப்பா குதித்துக் குதித்து ஓடி மறையும்வரை நின்றாள். அவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கூசியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். சத்தமில்லாமல் கதவைத் தள்ளினாள்.

அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேஜையருகே அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையால். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்துகொண்டிருந்தது.

"அம்மா… உன் கை?"

ஃபுமியே திடுக்கிட்டுப் பழத்தைக் கீழே போட்டாள். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோலச் சிரித்தாள்.

"லேஸ் கட்டிக் கட்டியே இலையுதிர் காலத்துலயே சரியாயிடுச்சு. தெருமுனையில போய் மறுபடி கட்டிக்கிட்டாரா உங்கப்பா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் போடற கோணல் முடிச்சு, திரும்பி வரும்போது நேரா இருக்கும். நாப்பது வருஷமா கட்டறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா தினம் இந்தக் கஷ்டம்?"

ஃபுமியே ஒரு சுளையை மகளின் வாயில் ஊட்டினாள்.

"சொல்லித் தொலைச்சிடாதே. கை சரியாயிடுச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஓடறதை நிறுத்திட்டு, மறுபடி பழைய உடம்போட வந்து உக்காந்துடுவாரு."