காலை எடுக்காதீங்க

‘டக்’ என்றது தரை. வலது காலை டைல்ஸ் மேல் வைத்த பெரியவர் அப்படியே உறைந்து போனார்.

“தம்பி, அசையாத. இருக்கிற இடத்துலயே நில்லு” என்றார், உதடு பிரியாமல்.

டைல்ஸ் மேஸ்திரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆடுகிற டைல்ஸ் எதுவென்று காட்டத்தானே மனிதர் காலை வைத்தார்? “எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு வா, அந்தச் சத்தம் இன்னைக்கே நிக்கணும்” என்று போனில் பறந்தவரும் இவரேதான்.

அவன் பார்வை சுவருக்குப் போனது. கண்ணாடிக்குள் இரண்டு பதக்கங்கள். பக்கத்தில் ஒரு போட்டோ. கடல் கடந்த ஏதோ ஒரு செம்மண் பூமியில், தோளில் இந்தியக் கொடியும் தலையில் நீலக் கவசமுமாக ஒரு பட்டாளக் கூட்டம். முகங்கள் எல்லாம் கடுகளவு.

மேஸ்திரிக்கு விளங்கிவிட்டது. கண்ணிவெடி! எவனோ சண்டை போட்ட நாட்டில் காவலுக்குப் போய், எதையோ மிதித்த ஞாபகம் பாவம் இன்னும் ஆளை விடவில்லை. பெரியவர் கழுத்தில் அளவு நாடா வேறு தொங்கியது. தரையைத் தானே அளந்து பார்த்திருப்பார். மிலிட்டரிக்காரர்கள் அடுத்தவனை நம்பி எதையும் விட மாட்டார்கள்.

“ஐயா, அது வெறும் டைல்ஸ். அடியில சிமெண்ட் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்…”

“பேசாத தம்பி. இது பாதியில கெட்டா வீடு வீடா இருக்காது. போன தடவை ஒரு வாரம் சோறும் இல்ல, தூக்கமும் இல்ல.”

சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். மறு நொடி குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊர்ந்து வந்தாள்.

“அப்பா, காலை எடுக்காதீங்க. பாரத்தை மாத்தாதீங்க. நான் வந்துட்டேன்.”

“சரிம்மா. நீ மெதுவா வா. நான் நிக்கிறேன்.”

மேஸ்திரியின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, டைல்ஸ் இடுக்கில் சாய்வாக நுழைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். கை இம்மியும் நடுங்கவில்லை. பெற்றவரின் கிறுக்குக்கு இப்படி ஈடு கொடுக்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவன் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெரியவரின் முழங்கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கால் கொஞ்சம் பிசகினாலும் காரியம் கெட்டுவிடும். மேஸ்திரி தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

“தொடாதீங்க!”

மகள் போட்ட அதட்டலில் நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது. அடியில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தும் அவனும் தன் காலை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம்… கொஞ்சம்தான்… முடிஞ்சுது. இப்ப எடுங்கப்பா.”

பெரியவர் காலை எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மகள் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கோவென்று அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“போம்மா, முகத்தைக் கழுவிட்டு வா” என்று தலையை வருடி அனுப்பினார் பெரியவர்.

அவள் உள்ளே போனதும் மேஸ்திரி குரலைத் தாழ்த்தினான். “தங்கமான பொண்ணுங்க. உங்க மனசு கோணாம எப்படி நடந்துக்குது! அந்தச் சண்டையில உங்களுக்கு ரொம்ப அடியோ ஐயா?”

பெரியவர் கழுத்து நாடாவை உருவி, நிதானமாகச் சுருட்டினார்.

“நான் சட்டை தைக்கிறவன் தம்பி. பட்டாளத்துல இருந்தது அவ.”