டப்பாவில் இன்னொரு ரேடியோ

"ஓடும்போதே செத்துப்போறேனாம்! கரண்ட் வந்தாத்தானே நான் பேச முடியும்?"

போட்டி ரோபோவுக்குக் கட்டளை வாங்கித் தரும் ரேடியோ, கழித்த சாமான் டப்பாவுக்குள் கிடந்து பொருமியது. போட்டியில் ரோபோ பாதியில் நின்றதற்கு ரேடியோவில்தான் கோளாறு என்று அணிப் பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள்.

புது ரேடியோவை மாட்டி, ரோபோவை மேஜைமேல் வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கைதட்டினார்கள்.

களத்தில் எதிரணி ரோபோ வந்து ஓர் இடி இடித்தது. ரேடியோவின் பவர் பிளக் ஒரு கணம் விலகி, மறுபடி ஒட்டிக்கொண்டது. அதற்குள் ரேடியோ அணைந்து, ரோபோ நட்டநடுவில் நின்றுவிட்டது.

"நீதானா அது!" என்று புது ரேடியோ பிளக்கிடம் கத்தியது. "வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்று பிளக்கும் சீறியது. "இடி வாங்கப் போற வண்டியை மேஜைமேல பூ மாதிரி வெச்சுப் பாக்குறாங்க. என்னை ஒரு தடவை ஆட்டிப் பாத்தாங்களா?"

ரோபோ திரும்பி வந்ததும், புது ரேடியோவையும் கழற்றி டப்பாவில் எறிந்தார்கள். பழையது ஒதுங்கி இடம்விட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளு," என்றது புதியது. "அங்க இன்னொரு புது ரேடியோப் பெட்டியைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க."