இருபத்து மூன்று பெயர்கள்

உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டியபடி அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் விழுந்தது. மல்லிகை வாசம். கைகளுக்குக் கீழே இருந்த தட்டில் இதழ்கள் சேர்ந்தன.

சொங்க்ரானுக்கு முந்தைய நாள். தாய்லாந்துக்காரர்களின் புத்தாண்டு. தையல் ஆலையின் பெண்கள் வரிசையாக வந்து மண்டியிட்டு, மேலாளரான அவர் கைகளில் நீர் வார்த்தார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் தலை குனிந்தாள்.

நன்றாக இரு, என்றார் ஒவ்வொருத்தியிடமும். அவர்கள் மொழியில்.

அன்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். இருபத்து மூன்று பெயர்கள். எண்ணிக்கை திருப்பூரில் இருக்கும் முதலாளியுடையது. பெயர்கள் அவரே தேர்ந்தெடுத்தவை. விடுமுறை முடிந்து வருகிறவர்களிடம் வேலை இல்லை என்ற கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

குனிந்த தலைகளில் அந்த இருபத்து மூன்று எவை என்று அவருக்குத் தெரியும்.

அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆசி சொன்னார்.

மறுநாள் அயுத்தயாவுக்கு ரயில் ஏறினார். தனியாக.

ஆலையிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. இடிந்த கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், தெரிந்த முகம் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தார்.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் முகத்தில் வந்து அறைந்தது.

திட்ட வாயைத் திறந்தார். எதிரே இருந்தவர்கள் கைகூப்பிச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி அவர் கன்னத்தில் வெள்ளைச் சாந்தைப் பூசிவிட்டு ஓடினாள்.

இரண்டாவது தெரு தாண்டுவதற்குள் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயதில், சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, ஒரு பச்சை நிற நீர்த்துப்பாக்கி வாங்கி, முன்பின் தெரியாதவர்கள் மீது பீய்ச்சினார்.

"சார்!"

மாலி. மூன்றாவது வரிசைத் தையல்காரி. காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆலையில் ஆள் கிடையாது. வயது நாற்பத்தாறு. அது போதுமானதாக இருந்தது.

பட்டியலில் பதினோராவது பெயர்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சந்துக்குள் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய அம்மா. எண்பதுக்கு மேல் இருக்கும்.

"அம்மா, எங்க மேனேஜர். நம்ம வீட்டுக்கே வந்துட்டாரு."

சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள். தண்ணீர், அதில் பூ. மூத்தவர் கையில் இளையவர் வார்க்க வேண்டும். இங்கே அவர்தான் இளையவர்.

மண்டியிட்டார். முழங்கால் சடக்கென்றது.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் மனப்பாடம். நேற்று முழுக்கக் கேட்டவை. தெரிந்தும் தெரியாமலும் என்று தொடங்கினார். 'தெரிந்தும்' என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அம்மா ஈரக் கையால் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

"பொறுத்துக்க என்ன இருக்குப்பா? எம் பொண்ணுக்கு நீங்க இருக்கீங்க. அந்தத் தைரியத்துலதான் நான் கண்ண மூடணும்."

சோறு போட்டார்கள். மறுக்க முடியவில்லை. இரண்டாவது முறை பரிமாறியபோதும் மறுக்க முடியவில்லை.

சாயங்கால ரயிலில் உட்கார்ந்ததும் நல்லசிவத்தை அழைத்தார். ஆலை அலுவலகத்தில் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்திருப்பவன் அவன். திருப்பூர்ப் பையன். விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை.

"அந்த லிஸ்ட்ல பதினொண்ணாவது பேரை எடுத்துரு."

"எடுத்தரலாமுங்க சார். ஆனா எண்ணிக்கை கொறையக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காருங்களே. பதிலுக்கு யாரப் போடட்டுமுங்க?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை.

நேற்று வந்த முகங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். ஒருத்திக்கு இரட்டைக் குழந்தைகள். ஒருத்தியின் கணவன் படுக்கையில். ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் ஒரு சந்து, ஒரு வீடு, நாற்காலியில் யாரோ ஒருவர்.

நொய் நினைவுக்கு வந்தாள்.

பொத்தான் தைக்கிற பெண். நேற்று வரிசையில் கடைசியாக வந்தவள். லீவுக்கு எந்த ஊர் என்று கேட்டதற்கு, ஊரெல்லாம் இல்லை சார், ஆலை விடுதிதான் என்று சிரித்தாள். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். வார்த்த தண்ணீர் அவர் சட்டைக் கையில் பட்டுவிட, பதறிப்போய்த் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தாள்.

அவளுக்கு யாருமில்லை.

அழுவதற்கு ஒரே ஆள்தான்.

"நொய்" என்றார்.

எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம். நான்கு தட்டல்கள். அவ்வளவு சின்னப் பெயர்.

"இந்தப் புள்ள ஹாஸ்டல்லயேதானுங்க இருக்குது. மத்தவங்களாட்ட லீவு முடிஞ்சு வரட்டும்னு காத்திருக்க வேண்டியதில்லீங்க. லெட்டர நாளைக்கே குடுத்து, ரூமக் காலி பண்ணச் சொல்லிரலாமுங்களா?"

ரயில் மெல்ல நகர்ந்தது. நடைமேடையில் நின்றவர்கள் கடைசி வாளித் தண்ணீரைப் பெட்டிகளின் மீது வீசிக் கூச்சலிட்டார்கள்.

"நாளைக்கு வேண்டாம்" என்றார் அவசரமாக.

"ஏனுங்க சார்?"

"நாளைக்கு நம்ம வருசப் பொறப்பு. நல்ல நாளும் அதுவுமா இந்தக் காரியம் எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தார்.

"இன்னைக்கே குடுத்துரு."

"சரிங்க சார்" என்றான் நல்லசிவம்.

பிறகு, ஒரு மரியாதைக்கு, புத்தாண்டு வாழ்த்துகளும் சொன்னான்.

அவரும் சொன்னார்.