முதலில் வீட்டுக்காரர்

“முதல்ல எங்க வீட்டுக்காரர். அடுத்துதான் உங்கப்பா.”

டாக்டரம்மா இப்படிச் சொன்னதும் நர்ஸுக்குச் சுருக்கென்றது.

குடலுக்குள் விட்டுப் பார்க்கும் புது கேமரா வந்திருந்தது. இன்றுதான் முதல் முறை. பழைய கேமராவில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனாலும் மலத்தோடு ரத்தம் போவது நிற்கவில்லை. பெரியப்பாவைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம். பாவம், அவள் நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

“மேடம், அவருக்கு வயசாயிடுச்சு. நேத்துலேர்ந்து பட்டினி...”

“எங்க வீட்டுக்காரரும் பட்டினிதான். அவருக்கும் மறுபடி பாக்கவேண்டிய நேரம் வந்தாச்சு. கூப்பிடுங்க.”

வெளியே அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டாங்களாம்மா? அந்த மருந்தைக் குடிச்சுட்டு ராத்திரி பூரா பாத்ரூம்லயே குடித்தனம் நடத்தியாச்சு. இனி வெளிய வர்றதுக்கு உசுரைத் தவிர ஒண்ணும் பாக்கியில்ல.”

“வாயைக் கழுவுங்கப்பா! கொஞ்சம் பொறுங்க. பெரிய இடத்துப் புருஷன் உள்ள போறார்.”

உள்ளே டாக்டரம்மா நிதானமோ நிதானம். வெளிச்சத்தை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாற்றுவார், திரும்ப வெள்ளைக்கு வருவார். தாண்டிப் போன மடிப்புக்கே திரும்பி வந்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மறுபடியும் பார்ப்பார்.

‘சொந்தப் புருஷன்னா மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கிறதைப் பாரு!’ நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்து அப்பா. இப்போது கேமரா மளமளவென்று போனது. ஒரு வளைவில் டாக்டரம்மா சட்டென்று நிறுத்தினார். வெள்ளை வெளிச்சத்தில் வெறும் சதைதான். நீலத்துக்கு மாற்றியதும் மடிப்புக்குப் பின்னால் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த கட்டி பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தீங்களா! பழைய கேமராவுக்கு டிமிக்கி குடுத்த ஆளு இவன்தான்.”

சுருக்குக் கம்பியை மாட்டி, அதை அங்கேயே அறுத்து எடுத்தார்.

“டெஸ்டுக்கு அனுப்பிடலாம். பாத்த வரைக்கும் முத்தறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சு. தைரியமா இருங்க.”

நர்ஸ் அழுதேவிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். இருந்தாலும் காலையில் பட்ட உறுத்தல் முழுசாகப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அப்பா பட்டினியைத் தாங்கியிருப்பாரா?

ஓய்வறைக்கு அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனாள். பக்கத்துக் கட்டிலில் டாக்டரம்மாவின் கணவர் இன்னும் அரை மயக்கத்தில் கிடந்தார். அவளைத் தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே அவள் கையைப் பிடித்தார்.

“ஏம்மா... புது மெஷின்ல கை பழகிடுச்சா? தடுமாற்றமெல்லாம் என்னோட போகட்டும்னுதானே என்னை முதல்ல படுக்க வைன்னு அடம் பிடிச்சேன்... அந்த நர்ஸ் பொண்ணு பாவம், பயந்து போயிருக்கு... இனிமே அவங்கப்பாவைத் தைரியமா பாரு.”