அலகில் மட்டும் பசை

சுவரில் மாட்டியிருந்த பெரிய சார்ட்டில் டீச்சர் நெல்மணிகளை வரைந்து வைத்திருந்தார். யுகேஜி பிள்ளைகள் ஆளுக்கொரு காகிதக் கோழிக்கு வண்ணமடித்து, வெட்டி, டீச்சர் சொன்னபடி இரண்டு கால்களிலும் பசை தடவி அழுத்தி ஒட்டினார்கள். கோழிக்கடைக்காரர் மகள் மெர்சிலின் மட்டும் தன் ஊதாக் கோழியின் அலகில் ஒரு பொட்டுப் பசை வைத்து, நெல்மணி ஒன்றின்மேல் ஒட்டினாள்.

“கால்லயும் பசை வை. விழுந்துடும்” என்றார் டீச்சர்.

“வேணாம் டீச்சர். கடையில எங்கப்பா கோழியோட காலைத்தான் பிடிப்பாரு. உடனே கத்தும். இது தின்னுட்டுப் போகட்டும்.”

“கோழிக்கடை, கோழிக்கடை” என்று பின்வரிசை பாடியது. மெர்சிலின் திரும்பவே இல்லை. புழுக்கம் தாங்காமல் டீச்சர் மின்விசிறியைப் போட்டார். எல்லாக் கோழிகளும் கால் சிக்கியபடி படபடத்தன. ஊதாக் கோழி மட்டும் நெல்லை விட்டு எழும்பி, கரும்பலகையைக் கடந்து, டீச்சரின் கொண்டையை உரசி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே போயிற்று. மெர்சிலின் பெஞ்சின்மேல் ஏறி நின்று கை தட்டினாள்.

ஜன்னலிலிருந்து டீச்சர் திரும்பியபோது, பின்வரிசை முழுவதும் சார்ட்டின் முன்னால் நின்று, கோழிகளின் கால்களுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தது.