வேகவதியின் கேள்வி

"அந்த வேகவதிய பிளாக் பண்ணிடு தலைவா. அஞ்சு மணிக்கு ஓட்டெடுப்ப வச்சிக்கினு அந்தக் கேள்விகிட்ட போய் மாட்டிக்காத" என்றான் முருகேசன் போனில்.

வாலாஜாபாத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் முருகேசன் மணிநாட்டின் உள்துறை அமைச்சர். பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்து, பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கதிர்வேல் அதன் அதிபர். மணிநாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. அது இணையத்தில் நடக்கும் ஓர் அரசியல் விளையாட்டு. தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் வரை நாலாயிரம் பேர் அதன் குடிமக்கள். கட்சி, தேர்தல், சட்டசபை எல்லாம் உண்டு. வெள்ளத்தையும் பஞ்சத்தையும் நோயையும் விளையாட்டே அனுப்பிவைக்கும். சமாளிக்க வேண்டியது அதிபரின் பொறுப்பு.

வீட்டில் பேச்சு அடங்கிப்போன நாட்களில், எங்கேயாவது நாலு பேர் குரல் கேட்டால் போதும் என்றுதான் கதிர்வேல் இதில் சேர்ந்தான். பதினோரு பேருடன் தொடங்கிய கட்சி ஒன்றரை வருடத்தில் ஆட்சியைப் பிடித்தது. ஞாயிறு மாலை மூன்று மணிக்கு நடக்கும் மக்கள் கேள்வி நேரத்தில், யார் எதைக் கேட்டாலும் பதில் எழுதாமல் எழுந்திருக்க மாட்டான் என்ற பெயர்தான் அவனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

ஐந்து வாரங்களுக்கு முன் மணிநாட்டின் தென்கரை மாவட்டத்தில் காய்ச்சல் பரவியது. மருத்துவக் குழுவை உடனே அனுப்பச் சொல்லி சுகாதார அமைச்சர் கேட்டார். ஒரு நாள் பார்க்கலாம் என்றான் கதிர்வேல். மறுநாள் திரையில் முன்னூற்றுப் பன்னிரண்டு என்று ஓர் எண் வந்து நின்றது. இறந்தவர்களின் எண்ணிக்கை. அதை வைத்துத்தான் எதிர்க்கட்சி இன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது.

மற்றவர்கள் அதைப் பேசியது ஓட்டுக்காக. வேகவதி என்ற பெயரில் எழுதும் ஒருவர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், வாரம் தவறாமல் ஒரே வரியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏன் ஒரு நாள் காத்திருந்தீங்க?"

சாலை சரியில்லை என்று ஒரு வாரம் பதில் எழுதினான். போதிய மருத்துவர்கள் இல்லை என்று ஒரு வாரம். மழையைக் காரணம் காட்டினான் இன்னொரு வாரம். ஒவ்வொரு முறையும் வேகவதி "இது பதில் இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார். வேறு யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் கதிர்வேலுக்கு, அந்த மூன்று சொற்களைப் பார்த்தால் மட்டும் சாப்பாடு இறங்காது.

"ரூல் இருக்குதுபா. ஒரே கேள்விய மூணு தடவைக்கு மேல கேட்டா தூக்கிடலாம். இல்லன்னா இன்னைக்கு நாம கவுந்துடுவோம்" என்றான் முருகேசன்.

"கேக்கட்டும்பா. கேக்கறது நியாயந்தான்" என்று சொல்லிப் போனை வைத்தான் கதிர்வேல்.

கேள்வி நேரம் தொடங்கியது. ஏரிகளைத் தூர்வாருவது பற்றிக் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களைப் பற்றி, பேருந்துக் கட்டணம் பற்றிக் கேட்டார்கள். அண்ணா என்றும் அக்கா என்றும் அழைத்து நிதானமாக எழுதிக்கொண்டே வந்தான். நடுநிலையாளர்கள் மெல்ல அவன் பக்கம் சாய்வது தெரிந்தது.

நாலே முக்காலுக்கு வேகவதி வந்தார். அதே வரி.

சாலை என்று தட்டினான், அழித்தான். மருத்துவர் என்று தட்டினான், அதையும் அழித்தான். பிறகு நிறுத்தாமல் எழுதினான்.

"காரணம் எதுவும் இல்லீங்க. இத்தினி நாளா சொன்னதெல்லாம் சாக்கு. தொட்டுப் பாத்தேன், கொதிச்சிக்கினு இருந்துது. தெரிஞ்சும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். நமக்கெல்லாம் அப்படி நடக்காதுன்னு நெனச்சேன். தப்பு என்னோடது. அத ஒத்துக்க பயந்து ஒளிஞ்சிக்கினு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

அனுப்பிய மறு நிமிடமே முருகேசன் அழைத்தான். "என்னப்பா எழுதி வச்சிருக்க? தொட்டுப் பாத்தியா? எதத் தொட்டுப் பாத்த?"

கதிர்வேல் இணைப்பைத் துண்டித்தான்.

ஐந்து மணி வாக்கெடுப்பில் இருபத்தொன்பது ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டாரே என்று எதிர்க்கட்சி கொண்டாடியது. கட்சிக்காரர்கள் சிலர் ஆறுதல் எழுதினார்கள், சிலர் திட்டினார்கள். அவன் எதையும் படிக்கவில்லை. பல நாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவன்போல் சுவரில் சாய்ந்திருந்தான்.

திரையில் வேகவதி மறுபடியும் வந்தார். இம்முறை கேள்வி இல்லை.

"நானுந்தான் காத்திருந்தேன்."

விளங்காமல் அதையே திரும்பத் திரும்பப் படித்தான். அந்த முடிவை எடுத்தது அதிபர் மட்டும். மணிநாட்டில் வேறு யாரும் காத்திருக்கவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் போனுடன் மனைவி இந்திராணி நின்றிருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"வேகவதி நான்தாங்க" என்றாள்.

ஆறு வயது மகள் அனுவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்று கதிர்வேல் சொல்லி, அந்த நாளைக்குள் அவளைப் பறிகொடுத்த பிறகு, இந்த இரண்டு வருடத்தில் இந்திராணி அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.